இன் யூட்டரோ: கம்பெனி உண்மையிலேயே கைவைத்ததா?

கேள்வி இதுதான்: அமெரிக்க ராக் பேண்டு நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் பிடித்துப்போய் அடுத்ததாக 'இன் யூட்டரோ' போட்டால் காது கிழிகிறது. வேண்டுமென்றே கெடுத்துப் பதிவு செய்தார்களா? ரெக்கார்ட் கம்பெனி அதை வெளியிடவே மறுத்து, கடைசியில் பாதியை மாற்றிவிட்டது என்கிறார்களே, அதில் எவ்வளவு நிஜம்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் எதையும் கெடுக்கவில்லை, அந்த ஆல்பம் மிகுந்த கவனத்தோடு பதிவானது. கம்பெனிக்குப் பிடிக்கவில்லை என்பது நிஜம். ஆனால் மாற்ற முடிவெடுத்தது பேண்டேதான், மாறியதும் 12 பாட்டில் இரண்டு, அப்புறம் மாஸ்டரிங் (அச்சுக்குப் போகுமுன் முழு ஆல்பத்தின் ஒலியையும் கடைசியாகச் சரிசெய்வது). அதற்குமேல் இந்த விவகாரத்தில் உண்மையாக அடிபட்டவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. இனி விரிவாக.

'நெவர்மைண்ட்' எப்படி உருவானது என்று தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. 1991 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸ் வான் நைஸ் பகுதியில் சவுண்ட் சிட்டி என்ற பழைய ஸ்டூடியோ, தயாரிப்பாளர் புட்ச் விக். பேண்டின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான கர்ட் கோபேனுக்கு ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது பிடிக்காது, அது ஏமாற்று வேலை என்பார். விக் "ஜான் லென்னனும் இப்படித்தானே செய்தார்" என்று சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் அவரைச் சம்மதிக்க வைத்தார். அதற்குப் பிறகு ஆண்டி வாலஸ் வந்து மிக்ஸ் செய்தார், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்தார். ஸ்லேயர் மாதிரி கனமான பேண்டுகளுக்கு வேலை பார்த்தவர், அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கையில் அது ரேடியோவுக்கு ஏற்ற பளபளப்போடு வெளியே வந்தது. அமெரிக்காவில் முதலில் அடித்தது சுமார் 46,000 பிரதிகள்தான், கம்பெனிக்கே பெரிய எதிர்பார்ப்பு கிடையாது. 1992 ஜனவரி 11 தேதியிட்ட பில்போர்ட் பட்டியலில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம்தான் கோபேனுக்குச் சங்கடம் ஆரம்பித்தது. அந்த ஆல்பம் பங்க் ராக் மாதிரி இல்லை, மாட்லி க்ரூ ஆல்பம் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். மாட்லி க்ரூ என்றால் தலைமுடியை ஊதிவிட்டுக்கொண்டு தோல் கால்சட்டையில் ஆடிய எண்பதுகளின் ஹெவி மெட்டல் கோஷ்டி, கோபேன் வகையறாவுக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. இந்தக் குறையை நான் முழுதாக நம்புவதில்லை. மிக்ஸ் கைக்கு வந்த நேரத்தில் தலையாட்டியவர்தான் அவர். கோடிக்கணக்கில் விற்று, பள்ளிக்கூடத்தில் தன்னை அடித்த மாதிரியான பையன்களே தன் கச்சேரிக்கு வந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பளபளப்பு அவருக்கு உறுத்தியது. ஆனாலும் உறுத்தியது நிஜம், அடுத்த ஆல்பத்தை யாரிடம் கொண்டுபோவது என்பதை முடிவு செய்ததும் அந்த உறுத்தல்தான்.

கொண்டுபோனது சிகாகோக்காரர் ஸ்டீவ் ஆல்பினியிடம். பிக் பிளாக் என்ற பேண்டை நடத்தியவர், பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா' (1988), பிரீடர்ஸின் 'பாட்' (1990) இரண்டையும் பதிவு செய்தவர். இந்த இரண்டும் கோபேன் உயிராக நினைத்த ஆல்பங்கள். தமாஷ் என்னவென்றால் ஆல்பினிக்கு நிர்வானா மேல் பெரிய அபிப்பிராயமே கிடையாது, ஆர்.ஈ.எம். என்ற இன்னொரு ராக் பேண்டுக்கு ஒரு ஃபஸ் பெடலை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) சேர்த்தது மாதிரி என்று ஒதுக்கி வைத்திருந்தார். அவர்தான் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்யப்போகிறார் என்று வதந்தி பரவியபோது, பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு மறுப்பே எழுதி அனுப்பினார். சில நாட்களில் நிர்வானாவின் மேனேஜ்மென்ட்டிலிருந்து நிஜமாகவே போன் வந்தது. ஒப்புக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். இவர்களும் தன்னிடம் வழக்கமாக வருகிற சின்னச் சின்ன பேண்டுகள் மாதிரி ஆட்கள்தான், பெரிய கம்பெனியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாவப்பட்டாராம்.

வேலை தொடங்குமுன் ஆல்பினி பேண்டுக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். ஒலிப்பதிவில் ஆர்வமுள்ள யாரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டிய கடிதம். சில நாட்களில் பேண்டு சேர்ந்து வாசித்துப் பதிவை முடித்துவிட வேண்டும், கம்பெனி ஆட்கள் மூக்கை நுழைக்கக் கூடாது, ஒரு வாரத்துக்குமேல் இழுத்தால் எங்கோ யாரோ சொதப்புகிறார்கள் என்று அர்த்தம், இந்த ரீதியில் போகும். பணத்தைப் பற்றிய பகுதிதான் முக்கியம். பெரிய தயாரிப்பாளர்கள் விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டி வாங்குவார்கள். தனக்கு ஒரு பைசா ராயல்டி வேண்டாம் என்றார் ஆல்பினி. பாட்டை எழுதுவதும் வாசிப்பதும் பேண்டு, கேட்டு வாங்குவது ரசிகர்கள், நடுவில் பதிவு செய்தவனுக்கு எதற்குக் காலத்துக்கும் பங்கு? பிளம்பருக்குக் கொடுக்கிற மாதிரி கொடுங்கள், வேலையைச் செய்கிறேன், அதற்கு என்ன பெறுமோ அதைக் கொடுங்கள். ஆல்பம் 30 லட்சம் விற்றால் ராயல்டியே சுமார் நான்கு லட்சம் டாலர் வரும், அவ்வளவு பணத்தை வாங்கினால் தனக்குத் தூக்கம் வராது என்று கணக்கும் போட்டுக் காட்டியிருந்தார். கடைசியில் அவர் வாங்கியது மொத்தமாக ஒரு லட்சம் டாலர். பிற்பாடு எவ்வளவு கோடி விற்றும் அந்த ஒரு லட்சத்தோடு சரி.

இடம்: மினசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே பேக்கிடெர்ம் ஸ்டூடியோ. மாதம் 1993 பிப்ரவரி, வெளியே பனி, போக்கிடம் கிடையாது. அதற்காகவே அந்த இடம். 'சைமன் ரிச்சி குரூப்' என்ற பொய்ப் பெயரில் பதிவு செய்திருந்தார்கள் (செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷியஸுக்கு அதுதான் சொந்தப் பெயர்). ஸ்டூடியோ வாடகை 24,000 டாலர். அந்த இடத்தின் ஒலி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, பி.ஜே. ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ' பதிவை ஆல்பினி முன்கூட்டியே அனுப்பிவைத்திருந்தார். சில வாரங்களுக்கு முன்தான் அதை அதே ஸ்டூடியோவில் பதிவு செய்திருந்தார்.

போய்ச் சேர்ந்தால் வாத்தியங்கள் வந்து சேரவில்லை. முதல் மூன்று நாள் பெரும்பாலும் அதற்காகக் காத்திருந்ததிலேயே போனது. பிறகு வேலை பறந்தது. மத்தியானம் ஆரம்பித்து நடுநிசிவரை, நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் இடைவேளை. மூன்று பேரும் சேர்ந்து வாசித்த அடிப்படைப் பதிவுகள் ஆறு நாளில் முடிந்தன. கோபேன் பெரும்பாலான பாட்டுகளின் குரலை ஒரே மூச்சில், சுமார் ஆறு மணி நேரத்தில் பாடி முடித்தார். மிக்ஸிங் ஐந்து நாள், அதையே ஆல்பினி தன் வழக்கத்துக்கு அதிகம் என்றுதான் நினைத்தார். ஒரு பாட்டு மிக்ஸ் ஆக மறுத்தால் அன்றைக்கு அதை விட்டுவிட்டு டிவி பார்ப்பது, பிரபலங்களுக்குப் பொய்க் குரலில் போன் போடுவது, கால்சட்டையில் தீ வைத்து விளையாடுவது. ஆம், உடுத்தியிருந்த கால்சட்டையில்தான்.

சரி, இப்போது ஒலி. உங்கள் கேள்வியின் மையம் இதுதான்.

இரண்டாவது பாட்டு 'சென்ட்லெஸ் அப்ரெண்டிஸ்', அதன் முதல் சில நொடிகளை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். டேவ் க்ரோலின் டிரம்ஸ் தனியாக நிற்கிறது, கூட வேறொன்றும் கிடையாது. கிக் டிரம் விழும்போது அடி மட்டும் கேட்பதில்லை, அடி விழுந்த பிறகு அந்த அறையின் சுவர் பதில் சொல்வதும் கேட்கிறது. ஸ்னேர் காதோரத்தில் இல்லை, எட்டடி தள்ளி இருக்கிறது, அந்த எட்டடியும் உங்களுக்குத் தெரிகிறது. அந்தக் காலத்துப் பெரிய ஆல்பங்களில் டிரம்ஸை ஒட்டி மைக் வைத்து, அறையின் சத்தத்தை முடிந்தவரை வெட்டி, பிறகு இயந்திரத்தால் செயற்கை எதிரொலி சேர்ப்பார்கள். ஆல்பினி செய்தது நேர் எதிர். டிரம்ஸைச் சுற்றிலும், தூரத்திலும், தரையிலும், மேலேயும் சுமார் 30 மைக். எந்த மைக்கை எங்கே வைப்பது என்பதில் அவருக்கு வெறி. வைத்து முடித்தபின் செயற்கையாகச் சேர்க்க ஒன்றும் இருக்காது. 'வெரி ஏப்', 'டூரெட்ஸ்' இரண்டு வேகப் பாட்டுகளுக்கும் டிரம்ஸை ஸ்டூடியோ வீட்டின் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள், அங்கே இயற்கையாக இருந்த முழக்கத்துக்காக. 'இது சுமாரான பதிவு, கச்சாவாக விட்டுவிட்டார்கள்' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். கச்சாவாகக் கேட்க வைப்பதற்கு இத்தனை வேலை இருக்கிறது.

அந்தப் பாட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதன் கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு) க்ரோல் கொண்டுவந்தது. கேட்டதும் கோபேனுக்குத் தோன்றியது, இது கிரன்ஜ் பாணியின் (சியாட்டில் பக்கத்துக் கரடுமுரடான கிட்டார் ராக்) அரைத்த மாவு என்று. டிரம்மர் மனம் நோகக் கூடாது என்றுதான் முதலில் கூடச் சேர்ந்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அது வேறொன்றாக மாறியது, எழுதியவர்கள் என்று மூன்று பேர் பெயரும் போட்டிருக்கிறது. வரிகளுக்கு மூலம் பேட்ரிக் சூஸ்கிண்டின் 'பெர்ஃப்யூம்' நாவல், உடம்பில் வாசனையே இல்லாமல் பிறக்கும் ஒருவனின் கதை. கோபேன் திரும்பத் திரும்பப் படித்த புத்தகம் அது.

இப்போது 'டம்' பாட்டுக்குப் போங்கள். அதே அறை, அதே ஆள், அதே இரண்டு வாரம். அங்கே செல்லோ ஒன்று மெல்ல ஊர்ந்து வருகிறது (கீரா ஷேலி வாசித்தது, 'ஆல் அப்பாலஜீஸ்' பாட்டிலும் அவரே), குரல் அவ்வளவு நெருக்கமாக, மூச்சு விடுவது தெரியும் அளவுக்கு. ஆல்பினிக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும் என்று சொல்பவர்கள் இதைக் கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆல்பம் முழுக்க இந்த இழுபறி உண்டு. 'மில்க் இட்' மாதிரி முகத்தில் அறையும் பாட்டு ஒரு பக்கம், பீட்டில்ஸ் எழுதியிருக்கக்கூடிய மெட்டுகள் இன்னொரு பக்கம். மெட்டில் கோபேனுக்கு இருந்த கை எங்கேயும் போய்விடவில்லை, அதைக் கேட்பவர் தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். முதல் பாட்டு 'சர்வ் தி சர்வன்ட்ஸ்' தொடங்குவதே தன் வாலிபக் கோபம் நன்றாகக் காசு பார்த்துக் கொடுத்துவிட்டது, இப்போது கிழடு தட்டி அலுத்துவிட்டது என்கிற கிண்டலோடுதான். இன்னொரு பாட்டின் பெயரே 'ரேடியோ ஃப்ரெண்ட்லி யூனிட் ஷிஃப்டர்', அதாவது ரேடியோவுக்கு இதமாகவும் நிறைய விற்பதாகவும் இருக்கிற சரக்கு. அந்தப் பாட்டோ காதைப் பிளக்கும் ஃபீட்பேக்கில், அதாவது கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றையொன்று தூண்டி எழுப்பும் கீச்சொலியில் தொடங்கும். கம்பெனிக்காரர்கள் சிரித்திருப்பார்களா தெரியாது.

ஊர் திரும்பி டேப்பைக் கொடுத்ததும் பிரச்சினை. அவர்களுடைய ரெக்கார்ட் கம்பெனியான கெஃபனிலும் மேனேஜ்மென்ட்டிலும் யாருக்கும் பிடிக்கவில்லை, நேராகவே சொன்னார்கள். ஏப்ரலில் ஆல்பினி 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகையிடம், கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை, வெளியிடுவார்கள் என்ற நம்பிக்கை தனக்கு இல்லை என்று போட்டு உடைத்தார். அடுத்து 'நியூஸ்வீக்' அதைப் பெரிய கட்டுரையாக்கியது. கலைஞனை நசுக்கும் கம்பெனி என்ற கதைக்கு எப்போதும் வாசகர்கள் உண்டு, இன்றைக்கும் நீங்கள் கேள்விப்படுவது அந்தக் கட்டுரையின் எதிரொலிதான். பேண்டு மறுத்து எழுதியது, அந்தக் கடிதத்தை 'பில்போர்ட்' இதழில் முழுப் பக்க விளம்பரமாகவும் போட்டார்கள். கம்பெனியை நிறுவிய டேவிட் கெஃபனே 'நியூஸ்வீக்' அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார்.

இந்த மறுப்பைக் கம்பெனி எழுதவைத்தது என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் கோபேன் தன் வாழ்க்கைவரலாற்றை எழுதிய மைக்கேல் அசெராடிடம் சொன்னதை என்ன செய்வது? வீட்டில் போட்டுக் கேட்ட முதல் தடவையே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டதாம். ஒரு வாரம் அதைக் கேட்கவே மனம் வரவில்லை, மரத்துப்போன மாதிரி இருந்தது என்றார். மூன்று பேரும் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குரல் அடங்கியிருக்கிறது, வார்த்தை கேட்கவில்லை, பேஸ் கிட்டார் தெளிவாக இல்லை. கிறிஸ்ட் நோவோசெலிக் பேஸ் வாசிப்பவர், அவருக்கு அது தெரியாமல் இருக்குமா? 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' கிட்டார் சோலோவில் ஆல்பினி போட்ட எஃபெக்ட்டைப் பற்றி அவர் ஸ்டூடியோவிலேயே சண்டை போட்டிருந்தார், இவ்வளவு நல்ல பாட்டை ஏன் இப்படிப் பண்ண வேண்டும் என்று. ஆக, மேலே இருப்பவர்கள் முகம் சுளித்தது பேண்டின் சந்தேகத்தைக் கிளறிவிட்டிருக்கலாம், சந்தேகம் அவர்களுடையதுதான். கோடிக்கணக்கில் விற்ற பிறகு ஒரு பேண்டு 'எங்களுக்கு விற்பனை முக்கியமில்லை' என்று சொல்வதும், டேப்பைக் கேட்டபின் 'குரலைக் கொஞ்சம் தூக்கலாமே' என்று சொல்வதும் ஒரே ஆட்களிடம் ஒரே மாதத்தில் நடக்கக்கூடியவை. கோபேன் இரண்டும்தான். அவரைப் புனிதராக்க நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது.

முதலில் ஆண்டி வாலஸையே மறுபடி கூப்பிடலாமா என்று யோசித்தார்கள். ஆல்பினி ஒப்பவில்லை, வேறு யாரும் தொடுவதில்லை என்று பேச்சு என்றார், மாஸ்டர் டேப்புகளை முதலில் தரவே மறுத்தார். நோவோசெலிக் போனில் பேசிய பிறகுதான் மனம் இறங்கினார். பிறகு ஆர்.ஈ.எம். தயாரிப்பாளர் ஸ்காட் லிட் வந்தார் (ஃபஸ் பெடல் கிண்டல் நினைவிருக்கிறதா?). 1993 மே, சியாட்டிலில் பேட் அனிமல்ஸ் ஸ்டூடியோ. அவர் மறுமிக்ஸ் செய்தது 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அப்பாலஜீஸ்' இரண்டை மட்டும். முதல் பாட்டில் கோபேன் புதிதாக அக்கூஸ்டிக் கிட்டாரும் பின்குரலும் சேர்த்தார். அந்தச் சோலோ எஃபெக்ட் போயிற்று. மீதிப் பாட்டுகள் ஆல்பினியின் மிக்ஸ்தான், மாஸ்டரிங்கில் பாப் லட்விக் குரலைச் சற்றே முன்னுக்குக் கொண்டுவந்து பேஸைக் கொஞ்சம் கூர்மையாக்கினார்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆல்பினியைக் கேட்டால், வெளிவந்த ஆல்பம் தான் பதிவு செய்தது மாதிரியே ஒலிக்கவில்லை, சத்தத்துக்கும் மௌனத்துக்கும் இருந்த இடைவெளியைக் குறைத்துவிட்டார்கள், ஸ்டீரியோ அகலத்தைச் சுருக்கிவிட்டார்கள், பேஸ் போய்விட்டது என்று பட்டியல் போடுவார். என் காதுக்கு அவர் சொல்வதில் பாதிதான் சரி. மாஸ்டரிங்கில் ஓரம் கொஞ்சம் மழுங்கியது உண்மை. ஆனால் 'மில்க் இட்' பாட்டின் கோரஸ் வெடிக்கிற இடத்தைக் கேட்டுவிட்டு இது பதப்படுத்தப்பட்ட ஆல்பம் என்று யாராவது சொல்ல முடியுமா? 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' விஷயத்தில் நான் லிட் பக்கம். 'ஆல் அப்பாலஜீஸ்' விஷயத்தில் ஆல்பினி பக்கம், அவருடைய மிக்ஸில் அந்தச் செல்லோ கூடவே நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

பெயருக்கும் ஒரு பாடு பட்டார்கள். கோபேன் முதலில் வைக்க நினைத்தது தற்கொலையைப் பற்றிய கறுப்பு நகைச்சுவை வாக்கியம் ஒன்று, நோவோசெலிக் தடுத்தார். வழக்கு கிழக்கு வந்துவிடும் என்ற பயம். பிறகு 'வெர்ஸ் கோரஸ் வெர்ஸ்' என்று கொஞ்ச நாள். கடைசியில் கோபேனின் மனைவி கோர்ட்னி லவ் எழுதிய கவிதை ஒன்றிலிருந்து 'இன் யூட்டரோ', கருப்பைக்குள் என்று பொருள். அட்டையில் உள்ளுறுப்பு தெரியும் பெண்ணுடல் மாதிரிக்குச் சிறகு வைத்த படம், பின்னட்டையில் கருக்களின் பொம்மைகளும் பூக்களும் பரப்பிய படம்.

1993 செப்டம்பரில் வெளிவந்தது, அமெரிக்காவில் எல்பி 14ஆம் தேதி, சிடியும் கேசட்டும் 21ஆம் தேதி. வேண்டுமென்றே அடக்கி வாசித்தார்கள், 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' பாட்டை அமெரிக்கக் கடைகளில் சிங்கிளாக விற்கவே இல்லை. அப்படியும் முதல் வாரமே 1,80,000 பிரதிகள் போய் பில்போர்டில் முதலிடம், பிரிட்டனிலும் முதலிடம். வெளியிடவே முடியாது என்று பேசப்பட்ட ஆல்பம் இது. விமர்சகர்கள் பெரும்பாலும் கொண்டாடினார்கள், 'ரோலிங் ஸ்டோன்' ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்தது. ஆன்டன் கார்பைன் எடுத்த 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' வீடியோ எம்டிவியில் ஓயாமல் ஓடியது. ஆனால் ஒரு மாதம் கழித்து வந்த, சியாட்டில் ராக் பேண்டு பேர்ல் ஜாமின் 'வெர்சஸ்' முதல் வாரத்தில் சுமார் ஒன்பதரை லட்சம் விற்றது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிலவரம் புரியும். 'நெவர்மைண்ட்' கேட்டவர்களில் பெரிய பகுதி அடுத்ததற்கு வரவில்லை. கோபேன் வேண்டியதும் அதுதானே என்பார்கள், அவர் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

அதற்கு ஆதாரமாக ஒன்று சொல்கிறேன். வால்மார்ட்டும் கேமார்ட்டும் இந்த ஆல்பத்தை வைக்க மறுத்துவிட்டன, காரணம் பின்னட்டையும் 'ரேப் மீ' என்ற பாட்டின் பெயரும். பாட்டு பாலியல் வன்முறைக்கு எதிரானது என்று கோபேன் பல தடவை சொல்லியாயிற்று. 1992 எம்டிவி விருது விழாவில் அதை வாசிக்கக் கூடாது என்று தடுத்தபோது முதல் சில நொடிகளை மட்டும் வாசித்துக் கிலி கிளப்பிவிட்டு 'லித்தியம்' பாட்டுக்கு மாறிய ஆள்தான். அதே ஆள் 1994 மார்ச்சில் இந்தக் கடைகளுக்காகப் பின்னட்டையை மாற்றவும், பாட்டின் பெயரை 'வெய்ஃப் மீ' என்று அச்சடிக்கவும் ஒப்புக்கொண்டார். சொன்ன காரணம், தானும் நோவோசெலிக்கும் வளர்ந்த வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் மாதிரி ஊர்களில் பையன்களுக்குப் பாட்டு வாங்க அந்த மாதிரிக் கடையை விட்டால் வேறு கதி கிடையாது என்பது. விலைபோய்விட்டார் என்று அப்போது திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, உள்ளே இருக்கிற பாட்டு ஒரு எழுத்தும் மாறவில்லை. ஒன்றே ஒன்று, 'பென்னிராயல் டீ' மட்டும் அந்தப் பதிப்பில் லிட் செய்த மிக்ஸ்.

1994 மார்ச் 1 அன்று மியூனிக்கில் கடைசிக் கச்சேரி, ஏப்ரல் 5 அன்று கோபேன் இறந்தார், 27 வயது. 'பென்னிராயல் டீ' சிங்கிளாக வரவிருந்தது, திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தை யாராலும் வெறும் ஆல்பமாகக் கேட்க முடியவில்லை, ஒவ்வொரு வரியிலும் மரணக் குறிப்பைத் தேட ஆரம்பித்தார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. இதில் நக்கல் ஏராளம், அதைக் கேட்காமல் போய்விடுகிறார்கள். பனிக்காட்டு ஸ்டூடியோவில் கால்சட்டையைக் கொளுத்தி விளையாடிய கோஷ்டியின் ஆல்பம் இது.

அடிபட்டவர் என்று முதலில் சொன்னேனே, அது ஆல்பினி. 'நியூஸ்வீக்' களேபரத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன, நிர்வானாவையே பதிவு செய்தவர் நமக்குக் கட்டுப்படியாக மாட்டார் என்று சின்ன பேண்டுகளும் ஒதுங்கின. அடுத்த வருடம் கிட்டத்தட்ட கையைக் கடித்த நிலையில் ஓட்டியதாக அவரே பின்னாளில் சொன்னார். ராயல்டி வாங்கியிருந்தால் அந்த நிலையே வந்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், அதே 1993இல்தான் 'தி பாஃப்ளர்' இதழில் இசைத் தொழிலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்தது. ஒரு பேண்டு பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, இரண்டரை லட்சம் பிரதி விற்று, எல்லோருக்கும் கொடுத்தது போக ஆளுக்கு மிஞ்சுவது 4,031 டாலர் 25 சென்ட் என்று வரிவரியாகக் கணக்குப் போட்டிருப்பார். பிறகு சமாளித்து எழுந்தார், 1997இல் சிகாகோவில் எலெக்ட்ரிக்கல் ஆடியோ என்ற சொந்த ஸ்டூடியோ, யார் வந்தாலும் நாள் கூலிதான். இடையில் போக்கர் ஆட்டத்திலும் கெட்டிக்காரராகி உலகப் போட்டியில் இரண்டு தங்கக் காப்பு ஜெயித்தார், அது வேறு கதை. 2024 மே 7 அன்று 61 வயதில் மாரடைப்பால் இறந்தார்.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்று அடுத்த கேள்வி வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் 1993 பதிப்பையே முழுசாகக் கேளுங்கள், 41 நிமிடம்தான். சத்தத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், குறைந்த சத்தத்தில் இந்த ஆல்பம் வெறும் இரைச்சலாகத்தான் தெரியும், காது கிழிவது பாதி அதனால்தான். பிடித்திருந்தால் 2013இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்புக்குப் போங்கள். அதில் மேலே சொன்ன இரண்டு பாட்டுகளின் ஆல்பினி மூல மிக்ஸும், முழு ஆல்பத்தையும் அவரே புதிதாக மிக்ஸ் செய்ததும் இருக்கிறது. இரண்டு 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டு சோலோ வரும் இடத்தில் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். நோவோசெலிக் எதற்குக் கத்தினார் என்பது பத்து விநாடியில் தெரிந்துவிடும், அவர் பக்கம் நிற்பீர்களா ஆல்பினி பக்கமா என்பது உங்கள் பாடு.